ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்கை வெட்டக் கொடுப்பதற்கு முன்

முத்து,

இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. வாயால் சொன்னால் நீ காதில் வயரை மாட்டிக்கொள்கிறாய். வாய்ஸ் நோட் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்கிறாய். என் கோபமெல்லாம் அதில் கிளி கத்துவது மாதிரிதான் கேட்கும். அதனால் எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்டாப் ஹில்லில் இருக்கிற அந்தக் கடையில் காரை விட்டு, அதைத் தாழ்வாக்க நான்கு ஸ்பிரிங்கையும் வெட்டக் கொடுக்கப்போகிறாய் என்று ரேவதி சொன்னாள். அவள் கோள் சொல்லவில்லை. நான் கேட்டேன், உன் பெண்டாட்டிக்குப் பொய் சொல்ல வராது. ஆறு மாத வயிற்றோடு தினமும் அந்தக் காரில் உன் பக்கத்தில் உட்கார்ந்து தாணே வரைக்கும் வேலைக்குப் போகிறவள் அவள். வெட்டின ஸ்பிரிங்கின் மேல் நீ மட்டும் உட்காரப்போவதில்லை, அவளும் உட்காரப்போகிறாள், அவள் வயிற்றில் இருப்பதும் உட்காரப்போகிறது. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். வேறு எதையாவது நடுவில் சொன்னால் அது என் வாய்க்கொழுப்பு, தாண்டிப் போய்விடு.

உனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். ஒன்றும் தெரியாது. எனக்குச் சாம்பார் தெரியும். இத்தனை வருஷமாக தாராவியிலிருந்து செம்பூருக்கும் அணுசக்தி நகருக்கும் சுடச்சுடச் சாம்பார் அனுப்புகிறவளுக்கு எந்த வண்டி எப்படித் தூக்கிப் போடும் என்று சாம்பாரே சொல்லிக் கொடுத்துவிடும். உன் அப்பா இருந்தபோது எல்லாம் சைக்கிளில்தான் போனது. பின்னால் கேரியரில் இட்லிப் பாத்திரம், ஹேண்டிலில் சாம்பார் தூக்கு, சட்னி வாளி. ஆரம்பத்தில் மாட்டுங்காவுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி இட்லி உடைந்து உதிரியாகிவிடும். அவர் பழைய டயர் டியூபை வெட்டி நாலு மடிப்பாக மடித்துப் பாத்திரத்துக்கு அடியில் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு இட்லி உடையவில்லை. மனிதர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி உயிரை வாங்குவார். அதைக் கேட்டுக் கேட்டு என் மண்டையில் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. குலுங்குகிற இடத்தில் ரப்பரைக் கொடுத்தால் குலுக்கல் போய்விடும் என்று.

நீ கார் வாங்கினபோது நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோமே, அதற்கு மறுநாளே பின்சீட்டை மடக்கி நான் இட்லிப் பாத்திரங்களை ஏற்றிவிட்டேன். சின்னக் கார், பழைய கார். பாரம் ஏறினதும் பின்பக்கம் குந்திக்கொண்டது. நம் சந்து முனையில் இருக்கிற ஸ்பீட் பிரேக்கரில் காரின் அடிவயிறு உரசும். சாம்பார் பின்னால் சாய்ந்து மூடியின் இடுக்கில் கசியும். அப்போதுதான் நான் மெக்கானிக் அஸ்லமிடம், பின்ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் வளையம் போடுவார்களாமே, அதைப் போட்டுக் கொடு என்றேன். அவனும் போட்டான். பின்பக்கம் நிமிர்ந்துகொண்டது, உரசல் நின்றது, சாம்பார் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, உன் அப்பாவே எழுந்து வந்து வேலை பார்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது. நீதான் முகத்தைச் சுளித்தாய். "ம்மா, லோடு இருக்கும்போது டீக், சரியா இருக்கு. காலியா வர்றப்ப பின்னாடி குதிக்குது." நான் என்ன சொன்னேன்? "குதிச்சா என்னல, நீயும் சேந்து குதி" என்றேன். அதற்கு நான் சிரிக்கவும் செய்தேன்.

ரேவதியின் ஸ்கேனுக்குப் போன நாளை நான் எழுத வேண்டியதில்லை, உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நாம் மூன்று பேருமே இதுவரை நேராகப் பேசவில்லை. அணுசக்தி நகர் கேன்டீனில் பாத்திரங்களை இறக்கிவிட்டு, வண்டி காலியாக, நாம் அவள் ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நீயும் ரேவதியும் முன்னால், மடக்கின சீட்டை நிமிர்த்தி நான் பின்னால். முதல் மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நீ வேகமாகப் போகவில்லை, அதற்கு நான் சாட்சி. மேம்பாலம் வளைந்து இறங்குகிற இடத்தில் அந்த இரும்புப் பட்டை வருமே, அதில் ஏறினதும் பின்பக்கம் எகிறியது. எகிறினது திரும்பத் தரையில் ஊன்றவே இல்லை. நீ பிரேக்கைத் தொட்டாய் என்று நினைக்கிறேன். அடுத்த நொடி எனக்கு முன்னால் இருக்க வேண்டிய ரோடு என் ஜன்னலில் ஓடியது. வண்டி அப்படியே திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே விஞ்ஞானிகளை ஏற்றிப் போகிற ஸ்டாஃப் பஸ், அதன் மூஞ்சி நம் கண்ணாடி முழுக்க இருந்தது. அந்த டிரைவர் எப்படி நிறுத்தினான் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. கையை நீட்டியிருந்தால் பஸ்ஸைத் தொட்டிருக்கலாம்.

வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது. ரேவதி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். "எம்மா, வலிக்கா?" என்று கேட்டேன். "வலி இல்ல அத்தை. ஆனா அசையல" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் காருக்குள் இருந்தது. அங்கே அவளைப் படுக்க வைத்து, அந்தப் பெண் டாக்டர் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். இசக்கியம்மா, இதை மட்டும் கொடுத்துவிடு, வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். பிறகு பிள்ளையின் இதயம் குதிரை ஓடுகிற மாதிரித் துடிக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது என்றாள். பாவிப் பிள்ளை, நாமெல்லாம் செத்துப் பிழைத்தோம், அது தூங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகாவது நாம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டோம். "ரப்பர் யார் போடச் சொன்னது?" என்று நீ கேட்டாய். "ஓட்டினது யாரு?" என்று நான் கேட்டேன். பயந்தவர்கள் இரண்டு பேர் சண்டை போட்டால் அதில் ஒரு வார்த்தையாவது உருப்படியாக இருக்குமா? ஆனால் நீ ஒன்று சொன்னாய், அது மட்டும் என் நெஞ்சில் தைத்துவிட்டது. "நீ உன் சாமானுக்காக வண்டியை மாத்தின. நான் எனக்காக மாத்தினா மட்டும் தப்பா? இதுல எனக்குன்னு என்ன இருக்கு? ஆபீஸ்ல என் காரை எல்லாரும் இட்லி காடி, இட்லி வண்டின்னுதான் சொல்றாங்க, தெரியுமா உனக்கு? பார்க்கிங்ல நிறுத்தினா சாம்பார் வாசம் வருதுன்னு செக்யூரிட்டி கூட சிரிக்கிறான்." நான் உடனே, "அந்தச் சாம்பாருதாம்ல உன்னப் படிக்க வச்சிது" என்று பதில் கொடுத்தேன். அது உண்மைதான். ஆனால் நீ கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே அப்போதே தெரியும்.

அன்றிலிருந்து நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீம்பு பிடிப்பதில் நீ எனக்குப் பிள்ளைதான். ரப்பரையாவது உடனே எடுத்திருக்கலாம். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வெளியே வரத்தானே போகிறது என்று நீ விட்டுவிட்டாய். எடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, நான் போடச் சொன்னது ஆயிற்றே. நம் இரண்டு பேர் ரோஷத்துக்கும் நடுவில் அவள் தினமும் அதே காரில் ஏறி, அதே பாலத்தில் போய் வருகிறாள். "ரயில்ல போயேன்மா" என்று ரேவதியிடம் சொன்னேன். "நான் கூட இருந்தாத்தான் அத்தை அவர் மெதுவா ஓட்டுவார்" என்றாள். இதைக் கேட்டுவிட்டு உன்னால் சோறு தின்ன முடிகிறதா பார். எனக்கு முடியவில்லை. தாணே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அவள் போன் வருகிற வரைக்கும் நான் அரிசியைக் களைகிறேன், களைந்த அரிசியையே திரும்பவும் களைகிறேன்.

நேற்று நான் அந்தக் கடைக்குப் போனேன். கோபப்படாதே, படித்துவிட்டுக் கோபப்படு. பஸ் பிடித்துப் போய் வாசலில் நின்றேன். அங்கே ஒரு சிவப்புக் காரைத் தூக்கி வைத்து ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். உன் வயசுப் பையன்தான் முதலாளி, நல்ல மரியாதையாக ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். கல்யாண வீட்டில் அழைப்பது போல ஒவ்வொன்றாகக் காட்டினான். அகலமான பளபள சக்கரம், பின்னால் முளைக்கிற இறக்கை, கண்ணாடிக்குக் கருப்பு ஃபிலிம், அடியில் எரிகிற ஊதா விளக்கு. ஸ்பிரிங்கை வெட்டினால் என்னாகும் தம்பி என்று கேட்டேன். "ஏக்தம் ஹார்ட் ஹோ ஜாயேகா, ஆண்டி. ஸ்போர்ட்டி" என்றான். நன்றாக விறைப்பாகிவிடுமாம், அதைப் பெருமையாகச் சொன்னான். என் பிள்ளை இதில் தினமும் தாணே போகிறான், மழைக்காலத்தில் அந்த ரோட்டில் எத்தனை பள்ளம் இருக்கும் என்று உனக்கே தெரியும், போகலாமா என்றேன். எல்லாரும் போகிறார்கள், பிரச்சினை இல்லை என்றான். உன் பெண்டாட்டி ஆறு மாதம் என்றால் அவளை இதில் உட்கார வைப்பாயா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த அறுக்கிற கிரைண்டரை ஓடவிட்டு அந்தச் சிவப்புக் காரின் ஸ்பிரிங்கை அறுக்க ஆரம்பித்தான். தீப்பொறி பறந்தது, சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஹார்ட் என்று அவன் சொன்னானே, அதேதான் நான் அஸ்லமிடம் போடச் சொன்னதும். உன் அப்பா டியூபைப் பாத்திரத்துக்கு அடியில் கொடுத்தார், அது அமுங்கிக் கொடுத்தது. நான் ரப்பரை ஸ்பிரிங்குக்கு நடுவில் சொருகினேன், அது ஸ்பிரிங்கை அமுங்க விடாமல் பிடித்துக்கொண்டது. பாரம் இருந்தபோது ஏதோ ஓடியது, காலியானதும் எகிறியது. இப்போது நீ வெட்டினாலும் மிச்சமிருக்கிற துண்டு அதே மாதிரி விறைத்துக்கொண்டுதான் நிற்கும். வண்டி தாழ்ந்தால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்று நீ நினைக்கிறாய், அன்றைக்குப் பட்ட பயத்தில்தான் நினைக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். வழவழப்பான ரோட்டில் பிடிக்குமோ என்னவோ. நம் ரோட்டில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏற இடம் வேண்டாமா? இடம் இல்லாவிட்டால் வண்டி முழுதாகத்தானே தூக்கிப் போடும். அப்போது அவள் எதைப் பிடித்துக்கொள்வாள், வயிற்றையா, கதவையா?

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். ரப்பரை எடு. கம்பெனியிலிருந்து வந்த ஸ்பிரிங்கை அதன் முழு உயரத்தில் இருக்க விடு. பின்னால் குலுக்கலை அடக்குகிற ஷாக் இரண்டும் எண்ணெய் கசிந்து நனைந்திருக்கிறது, அஸ்லம் அப்போதே சொன்னான், நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதுசாக மாற்று. சக்கரத்தை நேர்படுத்தி வாங்கு. உனக்கு எப்படியும் வண்டி தாழ்வாகத்தான் வேண்டும் என்றால், பிள்ளை பிறக்கட்டும், அதற்கென்றே அளந்து செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக விற்கிறார்களாம், பேப்பரோடு, அரசாங்கம் ஒத்துக்கொள்கிற மாதிரி. அப்போது வாங்கு, நான் வாயைத் திறக்க மாட்டேன். திறப்பேன், ஆனால் தடுக்க மாட்டேன்.

மற்றபடி அலங்காரத்தில் நான் தலையிட மாட்டேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிளின் மட்கார்டு இரண்டையும் கழற்றி எறிந்தாயே, ஸ்டைல் என்று. அந்த மழைக்காலம் முழுக்க உன் வெள்ளைச் சட்டையின் முதுகில் பிடரி வரைக்கும் ஒரு சேற்றுக்கோடு. தினமும் துவைத்துத் துவைத்து நான் உன்னைத் திட்டாத திட்டில்லை. ஆனால் நீ கையை விட்டுவிட்டு அந்தச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வரும்போது மாடி ஜன்னலிலிருந்து ஒளிந்து பார்ப்பேன். அழகாகத்தான் இருந்தாய். இதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். காருக்கு உனக்குப் பிடித்த கலர் அடி. சிவப்புத் தையல் போட்ட சீட் கவர் எனக்கும் பிடித்தது, அந்தக் கடையில் தொட்டுப் பார்த்தேன். சக்கரம் பளபளப்பாக வேண்டுமா, போடு, இப்போதிருக்கிற அதே அளவில் போடு. கருப்பு ஃபிலிம் மட்டும் வேண்டாம், டிராபிக் போலீஸ்காரன் தினமும் உன்னை ஓரங்கட்டுவான். பின்கண்ணாடியில் ராஜா, கிங் என்று ஏதாவது எழுதி மானத்தை வாங்காதே. பம்பரில் நான் கண்ணேறுக்கு மை வைத்தால் அதைத் துடைக்காதே, அந்த ஒரு டிசைன் என்னுடையது.

நீ கேட்டாயே, இந்தக் காரில் எனக்கென்று என்ன இருக்கிறது என்று. யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லைதான். டிக்கி என்னுடையது, பின்சீட்டு என்னுடையது, வாசம் என்னுடையது, விடியற்காலையில் கதவைத் தட்டி உன்னை எழுப்புகிற நேரமும் என்னுடையது. இட்லி காடி என்று எவனோ சொன்னதற்காக நீ ஸ்பிரிங்கை வெட்டப் போகவில்லை முத்து, அந்தக் காரிலிருந்து என்னை இறக்கிவிடத்தான் போகிறாய். தாழ்ந்த காரில் பாத்திரம் ஏற்ற முடியாதே. இதை நீ நினைத்துப் பார்த்துச் செய்தாயா, நினைக்காமல் செய்தாயா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. என்னை இறக்கிவிட ஸ்பிரிங்கை வெட்ட வேண்டிய அவசியம் இல்லை, நானே இறங்கிக்கொள்கிறேன். நம் வரிசையில் மாவு ஏற்றிப் போகிற டெம்போக்காரனிடம் பேசி முடித்துவிட்டேன். நாளை முதல் பாத்திரங்கள் அவனோடு செம்பூருக்கும் அணுசக்தி நகருக்கும் போகின்றன. சாம்பார் சிந்தினால் சிந்தட்டும், அவனோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன், எனக்கும் சண்டை போட ஆள் வேண்டாமா? நீ சோடா உப்பும் எலுமிச்சையும் போட்டு டிக்கியைக் கழுவி, கதவுகளைத் திறந்து வெயிலில் விடு, வாசம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சாவி உன் கையில்தான் இருக்கும். நான் ஒளித்து வைக்க மாட்டேன், வழியில் வந்து நிற்கவும் மாட்டேன். எந்தக் கடைக்குப் போவது என்று நீயே முடிவு செய். அஸ்லமிடம் போவதாக இருந்தால், காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறான்.

நாளைக்கு விடியற்காலையில் நான் கதவைத் தட்ட மாட்டேன். உனக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடும், எழுந்துவிடாதே, அவள் பக்கத்திலேயே படுத்திரு. பிள்ளை அந்த நேரத்தில்தான் நன்றாகப் புரண்டு புரண்டு உதைக்கிறது என்று ரேவதி சொன்னாள். அவர் இன்னும் ஒரு தடவை கூடத் தொட்டுப் பார்த்ததில்லை அத்தை, அந்நேரம் அவர் சாம்பாரோடு ரோட்டில் இருப்பார் என்றாள்.

அம்மா